அவர் அந்தத் தண்ணீரைக் குடித்தாரா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணை. ஞாயிறு மாலை. பாயில் பதினைந்து பிள்ளைகள். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிற இடம். யூதர்கள் சமாரியரோடு புழங்க மாட்டார்கள், அவர்கள் பாத்திரத்தில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது நடக்காத காரியம் என்று விளக்கம் சொன்னோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள்.

"அக்கா, கடைசில அவரு அந்தத் தண்ணிய வாங்கிக் குடிச்சாரா இல்லையா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. மறுபடி வாசித்தோம். அவர் கேட்கிறார், அந்தப் பெண் திருப்பிக் கேட்கிறாள், நீண்ட உரையாடல் நடக்கிறது, அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். அவர் குடித்ததாக ஒரு வரியும் இல்லை. பக்கத்தில் இருந்த பையன் சொன்னான்: "குடிச்சிருக்கணும். ஓட்டுக் கேக்க வர்றவங்க நம்ம வீட்டு வாசல்ல உக்காருவாங்க. தண்ணி குடுத்தா மட்டும் இப்பத்தான் குடிச்சோம்பாங்க. அவரும் அப்படிப் பண்ணியிருந்தா என்ன அர்த்தம்?"

எங்களில் பலர் பத்து வருடம் மறைக்கல்வி வகுப்புக்குப் போனவர்கள். பரிசு வாங்கியவர்கள். இந்தக் கேள்வி எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றாதபடிதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சமாரியர் யாரோ தூரதேசத்து மக்கள், அந்தக் கிணறு எங்கோ இருக்கிற கிணறு என்று படித்தோம். அந்தப் பிள்ளைக்கு அது நம் ஊர்க் கிணறு.

நம்பிக்கை, வரலாறு, நாட்டு நடப்பு என்று மூன்று பாடங்களாகப் பிரித்து வைத்திருப்பதை அந்தப் பிள்ளை ஒரே கேள்வியில் ஒன்றாக்கிவிட்டாள். தலித் கிறித்தவ வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்தேதான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் பிள்ளை கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான்.

வீடு ஏற்கெனவே நடத்துகிற பாடம்

வீட்டில் பாடம் நடத்துவது என்றால் ஏதோ புதிதாகத் தொடங்குவது என்று நினைக்கிறோம். நம் வீடுகளில் ஒரு பாடம் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயர். ஞாயிற்றுக்கிழமை போட்ட ஜெபமாலையைத் திங்கட்கிழமை காலையில் கழற்றி வைக்கச் சொல்கிறோம். "யாராவது கேட்டா என்ன சொல்லணும்?" என்று பிள்ளைக்கு ஒத்திகை வைக்கிறோம். ஐந்து வயதில் தொடங்கும் இந்தப் பாடத்துக்குப் பெயர் கிடையாது. இதை எழுதி வைத்த புத்தகமும் கிடையாது.

ஏன் இப்படி? காரணம் ஒரு அரசாணை. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் "மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்" என்று நம்மை எழுதுகிறார்கள். இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறார்கள். உதவித்தொகைக்கு நாம் ஆதிதிராவிடர். வேலைக்கு அல்ல. தனித் தொகுதியில் நிற்பதற்கும் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கேட்டுப் போனாலும் அல்ல.

இதை நாங்கள் ஒருநாள் வகுப்பில் நேரடியாகப் பேசினோம். யார் யார் வீட்டில் என்ன சான்றிதழ் என்று பிள்ளைகளையே கேட்டோம். அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தார். "எம் புள்ளைய இனிமே அனுப்ப மாட்டேன். அவன் வெளியில போய் வாய் தவறிச் சொல்லிட்டா, அவன் படிப்பை நீங்க வாங்கித் தருவீங்களா?" என்றார்.

அவர் கேட்டது சரி. நாங்கள் செய்தது தவறு. ஒரு குடும்பம் பிழைப்பதற்காகக் காத்துவரும் ரகசியத்தைப் பொதுவில் அவிழ்ப்பது அரசியல் கல்வி ஆகாது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம்: சட்டத்தைச் சொல்லிக் கொடுப்போம், எந்தப் பிள்ளையிடமும் அதன் வீட்டு நிலையைக் கேட்க மாட்டோம். வெட்கப்பட வேண்டியது பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுகிற ஆணைதான், அந்தக் குடும்பம் அல்ல. இதைப் பிள்ளைக்குப் புரிய வைப்பதுதான் எங்கள் முதல் பாடம் ஆகிவிட்டது.

செருப்புத் தைத்தவரின் வழக்கு

நாட்டு நடப்பைச் சொல்லிக் கொடுக்க நாங்கள் தொடங்குகிற இடம் 1985. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். அந்தப் பகுதியில் செருப்புத் தைப்போருக்கு அரசுத் திட்டத்தில் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். அதே சாலையில் அதே தொழில் செய்த இந்துக்களுக்குக் கிடைத்தது. அவருக்கு இல்லை. உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

இதைக் கேட்ட பிள்ளைகள் சிரித்தார்கள். "செருப்புத் தைக்கிறதே ஆதாரம் இல்லையா அண்ணே?" என்றார்கள். சட்டக் கல்லூரித் தோழர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும்.

பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம். 2004-ல் உச்சநீதிமன்றத்தில் போடப்பட்ட வழக்கு. மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007 அறிக்கை. மறுபடி ஆராய 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம், அதற்குத் திரும்பத் திரும்பக் காலநீட்டிப்பு. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்பின் மீதான மோசடி. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மை மோசடி செய்தது யார் என்று பிள்ளைகள் கேட்கும்போது அதை அடக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

எந்த வரலாறு?

மறைக்கல்விப் புத்தகத்தில் வரலாறு என்றால் கப்பலில் வந்த வெள்ளைக்காரக் குருக்களின் வரலாறு. அவர்கள் கொடுத்தார்கள், நாம் வாங்கிக்கொண்டோம். இந்துத்துவவாதிகள் சொல்வதும் இதே கதைதான். அவர்கள் அதற்குக் கோதுமையும் பால்பவுடரும் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. இரண்டு கதையிலும் நமக்கு மூளை கிடையாது, கையேந்துகிற வேலை மட்டும்தான்.

நாங்கள் மகாராசன் வேதமாணிக்கத்தில் தொடங்குகிறோம். குமரி மாவட்டம் மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர். சிதம்பரம் கோயிலுக்கு யாத்திரை புறப்பட்டவர் வழியில் தஞ்சாவூரில் கிறித்தவரானார். ஊருக்குத் திரும்பித் தன் சனங்களைச் சேர்த்தார், துன்பப்பட்டார், தங்களுக்கு ஒரு குரு வேண்டும் என்று அவரே தேடிப்போய் அழைத்தார். அதன்பிறகுதான் 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அதாவது, தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறித்தவத்துக்கு வாசல் திறந்தவர் ஒரு தலித். மிஷனரி பின்னால் வந்தவர். இந்த ஒரு வரிசையைச் சரியாகச் சொன்னாலே பிள்ளையின் முதுகு நிமிர்கிறது. நாங்கள் கண்ணால் பார்த்தது.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்கிறோம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்து உயர்சாதியாரைத் தேடினார். பிறகு ஒடுக்கப்பட்டோருக்கென்று தனியாகப் 'பண்டாரசாமி'கள் வந்தார்கள். குருக்களுக்குள்ளேயே சாதி. நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருள்சாதனம் கொடுக்கக் குருக்கள் மறுத்த வழக்கத்தை, 1704-ல் புதுச்சேரியில் துர்னோன் என்கிற திருத்தந்தையின் தூதர் ஆணை போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. சீர்திருத்த சபைகளும் சுத்தம் இல்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் எதிர்த்து நின்றார்கள்.

நல்லது நடந்ததையும் மறைக்கக் கூடாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-ல் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்ததும், அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்ததும் பாடப்புத்தகத்தில் வர வேண்டிய செய்திகள். அந்த அறிக்கைக்குப் பின்னால், அந்த மாவட்டத்துச் சேரிகளில் வேலை செய்த மிஷனரிகள் நிலத்துக்காக இடைவிடாமல் எழுதியதும் பேசியதும் இருக்கிறது. நன்றி சொல்லவும் தெரிய வேண்டும், கணக்குக் கேட்கவும் தெரிய வேண்டும்.

கணக்குக் கேட்க இன்றும் இடம் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவரைப் பற்றித் தெரியாத தோழர்கள் இருக்க மாட்டார்கள். இறந்த பிறகும் தீட்டு. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது மோதல் வெடித்தது, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. அந்த இருவரும் தலித் அல்லாத கிறித்தவர்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சாதி தன்னைக் காப்பாற்ற நினைப்பவனையும் சேர்த்தே தின்னும். 2003-ல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது. அறிக்கைகள் அலமாரியில் இருக்கின்றன. சுவர் கல்லறையில் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கல்வி என்றதும் சில தோழர்கள் அமெரிக்காவைச் சொல்கிறார்கள். நகரத்து வசதியான கிறித்தவக் குடும்பங்கள் சில அங்கிருந்து புத்தகம் வரவழைத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கின்றன. அந்த வழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1954-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது சட்டவிரோதம் என்றது. தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் பலர் தங்கள் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளிகளில் சேர்த்தார்கள். பல பள்ளிகளின் பெயரில் 'கிறித்தவ' என்ற சொல் இருந்தது. 1962-லும் 1963-லும் பொதுப் பள்ளிகளில் அரசு சார்பான செபமும் விவிலிய வாசிப்பும் கூடாது என்ற தீர்ப்புகள் வந்தன. பிறகு வீட்டுப் பள்ளி இயக்கம் வளர்ந்தது. 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் சட்டபூர்வமாயிற்று. வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற எல்லாரும் நிறவெறியர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடுகளுக்குப் பாடப்புத்தகம் அச்சிடுகிற பெரிய பதிப்பகங்களில் ஒன்று பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தினுடையது. 1971 வரை கறுப்பு மாணவர்களைச் சேர்க்காத, 2000 வரை கறுப்பரும் வெள்ளையரும் காதலிப்பதைத் தடை செய்திருந்த நிறுவனம் அது. அங்கிருந்து வரும் வரலாற்றை நம் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டாமா?

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1807-ல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சிட்டார்கள். முழு பைபிளில் 1,189 அதிகாரங்கள். அதில் இருந்தவை 232. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையாகிற பகுதியை எடுத்துவிட்டார்கள். யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டதை விட்டுவைத்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "நம்மகிட்ட இருக்கிறது முழுசுதானா?" புத்தகம் முழுசுதான் தம்பி, பிரசங்கத்தில்தான் கத்தரிக்கோல் இருக்கிறது என்றோம்.

அதே அமெரிக்காவில் வேறொரு வழியும் உண்டு. 1964 கோடையில் மிசிசிப்பியில் கறுப்பினத் தோழர்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட விடுதலைப் பள்ளிகளை நடத்தினார்கள். பல பள்ளிகள் தேவாலயக் கட்டடங்களில் நடந்தன. அரசுப் பள்ளி மறைத்த கறுப்பர் வரலாற்றையும் வாக்குரிமையையும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். தேவாலயங்களுக்குத் தீ வைத்தும் நிறுத்த முடியவில்லை. ஒரு வகைப் பள்ளி மற்றவர்களைத் தவிர்ப்பதற்கான சுவர். இன்னொரு வகை, வெளியே போய் உரிமை கேட்பதற்கான தயாரிப்பு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அதனால்தான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்கிற பேச்சுக்கு நாங்கள் உடன்பட மாட்டோம். வகுப்புக்குள் கோணிப்பையில் தனியாக உட்கார வைக்கப்பட்டவர் அண்ணல் அம்பேத்கர். பொதுப் பள்ளியின் பெஞ்ச் நாம் போராடி வாங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை அந்த பெஞ்சில்தான் நம் பிள்ளை உட்கார வேண்டும். ஞாயிறு மாலைத் திண்ணை அதற்குத் துணை.

மூன்று மறுப்புகள்

"பிஞ்சு மனசுல விஷம் ஏத்துறீங்க" என்கிறார்கள் கோயில் பெரியவர்கள். நம் தெருவுக்குத் தேர் வராதது ஏன் என்று எட்டு வயதிலேயே பிள்ளைக்குத் தெரியும். தெரியாதது காரணம் மட்டும்தான். காரணம் சொல்லாவிட்டால் தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று அது முடிவு கட்டிக்கொள்ளும். விஷம் அதுதான்.

"அம்பேத்கரியவாதிகளுக்கு பைபிள் எதற்கு?" என்கிறார்கள் நம் தோழர்கள். கிறித்தவம் தீண்டத்தகாதோருக்கு என்ன செய்தது, மதம் மாறியவரின் நிலை என்ன என்று அண்ணல் கறாராக எழுதியிருக்கிறார். மதம் மாறிய மக்கள் தங்கள் சமூகக் கொடுமைகளை எதிர்த்து இயக்கமாகத் திரளவில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. அதை ஏற்கிறோம். அதனால்தான் இந்த வகுப்பு. நம்புவதும் நம்பாததும் அந்தப் பிள்ளை வளர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. எங்களுக்குள்ளேயே கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, விட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தப் புத்தகம் நம் பாட்டிமார் தலைமாட்டில் இருக்கிறது. அதை வாசிக்கிற உரிமையை ஆதிக்க சாதிக்காரரிடம் விட்டுவிட்டு நாம் வெளியேறுவது எந்த வகை விடுதலை?

மூன்றாவது மறுப்பு கனமானது. "சபைகள் தாக்கப்படுகிற காலம். இப்போது உள்வீட்டுச் சாதியைப் பேசினால் எதிரிக்கு வசதி." 2008-ல் கந்தமாலில் வீடிழந்து காட்டுக்குள் ஓடியவர்களில் பெரும்பாலோர் பாணர் என்கிற தலித் சாதியில் பிறந்த கிறித்தவர்கள். தாக்கியவனுக்கு அவர்கள் கிறித்தவர்கள், தலித்துகளும்கூட. ஆணைப்படி அவர்கள் தலித் இல்லை. கோயிலை எரிக்கிறவனும் கல்லறையில் சுவர் எழுப்புகிறவனும் ஒரே சாதி ஒழுங்கைத்தான் காக்கிறார்கள். ஒருவனைக் காட்டி இன்னொருவனை மன்னிக்கச் சொல்வதைப் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது.

நம்மையும் விடக் கூடாது. பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள் படி இருக்கிறது. எங்கள் வகுப்பில் அருந்ததியர் பிள்ளைகள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்ததைக் கவனிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பாத்திரம் கழுவப் பெண் பிள்ளைகள் மட்டும் எழுந்ததைக் கவனிக்க இன்னும் கொஞ்ச நாள். இவையும் பாடம்தான்.

தொடங்க என்ன வேண்டும்?

ஒரு திண்ணை. ஒரு விவிலியம், அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு, அன்றைய நாளிதழ். மூன்றையும் ஒரே வகுப்பில் திறந்து வையுங்கள். ஊரில் வயதானவர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். கோயில் கட்ட மண் சுமந்தது யார், உபதேசியார் எங்கே உட்கார்ந்தார், முதன்முதலில் பெஞ்சில் உட்கார்ந்தது யார் என்று பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். ஆகஸ்ட் 10 கறுப்பு நாளை வெறும் ஆர்ப்பாட்டத்தோடு முடிக்காதீர்கள். அந்த ஆணையைப் பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கட்டும். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள். எது தெரியவில்லையோ அதைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவர் அந்தத் தண்ணீரைக் குடித்தாரா என்ற கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. குடித்திருக்க வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னதோடு நாங்கள் உடன்படுகிறோம்.

வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை இன்னும் திரும்ப வரவில்லை. அவன் அம்மாவை இரண்டு முறை பார்த்துவிட்டோம். முதல் முறை வாசலில் நிறுத்திப் பேசினார். போன வாரம் உள்ளே உட்காரச் சொன்னார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தோம். பிள்ளையை அனுப்புவதாக இன்னும் சொல்லவில்லை. மறுபடியும் போவோம்.

ஜெய்பீம்.